வினாகிரி என்று சொல்லியிருக்கலாம்

ஒரு திராட்சைப் பழத்துக்கு நற்சான்று சொல்ல யாராவது நாடு விட்டு நாடு போவார்களா? நான் போனேன். விடிந்ததும் கொழும்பில் கல்முனை பஸ்ஸைப் பிடித்தேன். கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ அதட்டினார். "பையை மடியில் வை, உன் மடியில் இடமில்லாவிட்டால் பக்கத்து ஆளின் மடியில் வை என்கிறார்" என்று பக்கத்து இருக்கைக்காரர் எனக்கு விளக்கினார். விளக்கிவிட்டு அவரே என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் ஊர் பஸ்ஸில் ஒருவர் இப்படிக் கை நீட்டினால், பையில் என்ன இருக்கிறது என்பதுதான் முதலில் ஞாபகம் வரும்.

எனக்கு ஊர் கம்பம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் இருந்தது. மதுரையில் விவசாயம் படித்துவிட்டு, இப்போது பதினான்கு வருடமாகத் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஓர் ஒயின் தோட்டத்தில் மேற்பார்வையாளனாக இருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கிறவர் நளீம். கல்முனைக்குப் பக்கத்தில் சாய்ந்தமருதுக்காரர். படகில் வந்தவர். பன்னிரண்டு வருடமாகியும் அவருக்கு நிரந்தர விசா கிடைக்கவில்லை. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. விட்டுவிட்டு வந்தபோது மகளுக்கு ஏழு வயது. இப்போது அவளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். அது முறிகிற நிலையில் இருந்தது.

காரணம், ஷார்டனே என்கிற திராட்சை. எங்கள் தோட்டத்தில் முக்கால்வாசி அந்தப் பழம்தான். பச்சையும் மஞ்சளும் கலந்த சின்ன மணி, சந்தையில் வைத்தால் எங்கள் ஊரில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆனால் குளிரில் நட்டாலும் வரும், வெயிலில் நட்டாலும் வரும். சீக்கிரம் பறித்தால் நுரை பொங்குகிற ஒயின் ஆகும். எவர்சில்வர் தொட்டியில் வைத்தால் பச்சை ஆப்பிளும் எலுமிச்சையுமாக மணக்கும். ஓக் மரப் பீப்பாயில் வைத்தால் வெண்ணெயும் வறுத்த முந்திரியும். கொடியிலேயே விட்டுவைத்தால் தேன். தனக்கென்று பெரிய குணம் இல்லாத பழம், யார் கையில் போகிறதோ அவர் நினைத்தபடி ஆகிவிடும் என்று எங்கள் ஒயின் தயாரிப்பாளர் சொல்வார். அதனால்தான் உலகம் முழுக்க நட்டார்கள். எங்கள் பக்கம் விலை விழுந்தபோது, நட்டவர்களே டிராக்டர் வைத்துப் பிடுங்கியும் போட்டார்கள்.

நளீம் கொடிகளை வெட்டிக் கவாத்து செய்வார், பழம் பறிப்பார், தொட்டி கழுவுவார். ஒரு துளி வாயில் வைத்ததில்லை. ஆனால் அவர் மூக்கு அந்தத் தோட்டத்திலேயே பெரிய மூக்கு. ஏதாவது பீப்பாய் கெட ஆரம்பித்தால், இயந்திரம் சொல்வதற்கு இரண்டு நாள் முன்பே அவர் மணந்து சொல்லிவிடுவார். தயாரிப்பாளர் ஒரு நாள் கிளாசை நீட்டினார். நளீம் கண்ணை மூடி மணந்துகொண்டிருந்தார். முகம் அவ்வளவு அழகாக இருந்தது. நான் படம் எடுத்தேன். தோட்டத்தின் இணையப் பக்கத்தில் போடுவதற்கு நானேதான் கொடுத்தேன்.

அந்தப் படம் சாய்ந்தமருதுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை வீடு அட்டாளைச்சேனை. பெண்ணின் தகப்பன் குடிக்கிறவர், குடி செய்கிற இடத்தில் இருக்கிறவர் என்று அங்கே பேச்சு.

நளீம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் ஊரோடு இருந்திருப்பேன். "லீவில ஊருக்குப் போறீங்கதானே அண்ணன், பக்கத்து நாடுதானே. ஒருக்காப் போய் அவங்களோட கதைச்சுப் பாருங்க. அந்தப் பழத்தில என்னென்னமோ செய்யலாம் எண்டு நீங்கதானே எனக்குச் சொல்லித் தந்த. அத அவங்களுக்கும் சொல்லுங்க" என்றார்.

மகியங்கனையில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, மாசிச் சம்பல். காரம் காதில் கேட்டது. பக்கத்து இருக்கைக்காரர் மாவடிப்பள்ளிக்காரர், கொழும்பில் டிராக்டர் சாமான் வாங்கிவிட்டுத் திரும்புகிறார். அவர் ஊரை நெருங்கும்போது பின் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கினோம். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் இளம்பச்சை வயல், அதன்மேல் அடுப்பு வாசலில் நிற்பதுபோல் காற்று. "இது கச்சான் காத்து" என்றார் அவர். அதே நேரம் ஒருவர் "கச்சான், கச்சான்" என்று கூவிக்கொண்டு வறுத்த நிலக்கடலை விற்றார். இங்கே இரண்டுக்கும் ஒரே பெயர். வாங்கித் தின்றுகொண்டு நின்றோம்.

"சாய்ந்தமருதில ஆர்ட வீட்டுக்குப் போறீங்க?"

சொன்னேன்.

"ஓ, அந்தச் சாராயக் கொம்பனியில நிக்கிறவரா?" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒருவரை மில்லுக்காரர் என்பதுபோல ஓர் அடையாளத்துக்குச் சொன்னார். மிச்சக் கடலையை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

கல்முனையில் ஓர் இரும்புக் கடைக்கு மேலே அறை. கீழே சாப்பாட்டுக் கடையில் தகட்டின்மேல் கொத்துரொட்டி அடிக்கிற சத்தத்துக்கு நடுவில், மறுநாளுக்கான பேச்சை நான்கு தரம் ஒத்திகை பார்த்தேன்.

மறுநாள் காலை ஆட்டோவில் சாய்ந்தமருது. ஒரே நீண்ட தெருவாக ஊரும் ஊரும் ஒட்டிக்கொண்டிருந்தன. எங்கே கல்முனை முடிந்தது என்று கேட்டேன். "அந்த எல்லைச் சண்டைதானே இஞ்ச எல்லாருக்கும்" என்றார் ஆட்டோக்காரர்.

நளீமின் மனைவி பரீதா வாசலில் நின்று, "வாங்க அண்ணன்" என்றார். முன்னால் புது வீடு, பின்னால் இரண்டு அறைப் பழைய வீடு. அந்தக் கிழக்குக் கரையில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். நளீம் பன்னிரண்டு வருடம் கொடி வெட்டிய கூலி அது. பரீதா சாவி கொண்டுவந்து திறந்து காட்டினார். பளபளவென்று தரை. நாற்காலிகள் வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை இன்னும் கழற்றவில்லை. குழாயைத் திறந்தேன். முதலில் காற்று வந்தது, பிறகு துருத் தண்ணீர்.

"ஆரும் இருக்கல்ல அண்ணன். புள்ளைக்கு முடிச்சுத்தான் குடி போகணும் எண்டு வெச்சிரிக்கன்."

தாயும் மகளும் பழைய வீட்டில், ஒரு தையல் மெஷினோடு இருந்தார்கள். மகள் ஸஹ்லா கணக்குப் படிக்கிறாள். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவேனா என்று கேட்டு, இல்லையென்றதும் இறால் பொரித்து, தயிருக்குப் பாணி என்கிற பாகு ஊற்றிக் கொடுத்தார் பரீதா. எருமைத் தயிர், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. சாப்பாட்டுக்கு நடுவே நான் பழத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் என் தட்டில் இன்னும் இரண்டு இறால் வைத்தார். இந்த அம்மாளுக்கு விவரம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு மடையன் நான் என்பது அடுத்த நாள்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அட்டாளைச்சேனையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை அஸ்கர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், ஒல்லியான பையன். அவனுடைய தாய்மாமன். இன்னும் மூன்று பெரியவர்கள். தாய்மாமனைப் போடியார் என்று கூப்பிட்டார்கள். நிலபுலம் உள்ளவரை அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். பையனின் தாய் வரவில்லை. வராததிலேயே செய்தி இருந்தது. பழைய வீட்டு முன்னறையில் உட்கார்ந்தோம். பரீதாவும் மகளும் உள்ளறைத் திரைக்குப் பின்னால்.

போடியார் மெதுவாகப் பேசினார். "தம்பி, நீங்க தூர இடத்தில இரிந்து வந்திரிக்கீங்க. உங்களுக்கு மரியாத. ஒண்டு கேக்கன், ஒளிக்காமச் சொல்லுங்க. அந்தப் பழத்த அங்க என்ன செய்யிற?"

ஒத்திகை பார்த்தது எல்லாம் வந்தது. அந்தப் பழத்தைச் சாப்பிடலாம் என்றேன். உண்மை. சாறு பிழியலாம், உலர்த்தலாம், விதையில் எண்ணெய் எடுக்கலாம், இலையில் சோறு மடித்து அவிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றேன். எல்லாம் உண்மை. எங்கள் தோட்டத்தில் இதில் எதையும் செய்வதில்லை என்பதை மட்டும் விட்டுவிட்டேன். கடைசியாக வினிகர் என்றேன்.

"அதென்ன?"

"புளிக்க வச்சு எடுக்கிறது. ஊறுகாய்க்கு ஊத்துவாங்களே."

"வினாகிரியா?" போடியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வினாகிரி எண்டா அதில பிரச்சின ஒண்டும் இல்லயே. அது ஹலால்தானே." மற்றப் பெரியவர்களைப் பார்த்தார். அவர்களும் ஓம், ஓம் என்றார்கள். நாலு பேர் முகத்திலும் ஒரே நேரத்தில் ஓர் இளக்கம். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவர்கள் முறிக்க வந்தவர்கள் என்று நான் நினைத்திருந்தது தப்பு. ஏதாவது ஒரு வழி கிடைக்காதா என்றுதான் வந்திருந்தார்கள்.

"அப்ப ஒரு கடிதம் எழுதித் தாங்க தம்பி. அது வினாகிரிக் கொம்பனி எண்டு. நீங்க அங்க பெரியவர்தானே. நான் என்ட தங்கச்சிக்கிட்டக் காட்டிக்கிறன். முடிஞ்சுது."

பேனாவை எடுத்தேன். ஸஹ்லாவின் நோட்டிலிருந்து ஒரு தாள் கேட்டேன். திரை அசைந்தது. தாள் வரவில்லை. பரீதாவின் குரல் வந்தது.

"வேணாம் அண்ணன்."

போடியார் திரைப் பக்கம் திரும்பினார்.

"அது வினாகிரிக் கொம்பனி இல்ல. வைன் செய்யிற இடம். அவரு அங்க சேந்த கிழமையே எனக்குச் சொன்னாரு. வேற வேல கிடைக்கல்ல, என்ன செய்யிற எண்டு கேட்டாரு. புள்ளய வளக்கணும், செய்ங்க எண்டு நான்தான் சொன்னன். கிளாசை மூக்கில வெச்சு மணந்து பாப்பாரு. வாயில வெச்சதில்ல. இதுதான் உண்ம. இதக் கேட்டுட்டுச் சரி எண்டா வாங்க. பொய்க் கடிதத்தில என்ட புள்ளயத் தரமாட்டன்."

பேனாவை மூடிவிட்டு, "அந்தப் படத்தை எடுத்தது நான்தாங்க. அவர் மணந்துதான் பார்த்தார். பக்கத்திலேயே நின்னேன்" என்றேன்.

போடியார் கோபப்படவில்லை. "கிளாசை மூக்கில வெச்சவர் வாயில வெக்கல்ல எண்டு நான் ஆருக்குப் போய்ச் சொல்லுற தம்பி?" என்றார். "பிழியிறவருக்கும் சுமக்கிறவருக்கும் அதில பங்கு இரிக்கு எண்டுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திரிக்கு. நான் அவரக் குற்றம் சொல்லல்ல. கஷ்டம் வந்தாத் தெரியும். ஆனா ஊருக்குள்ள நாங்க இருக்கணுமே."

பெரியவர்கள் வெளியே போய் மாமர நிழலில் நின்று பேசினார்கள். அஸ்கர் மட்டும் உள்ளே தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அரை மணி நேரம் கழித்து வந்து முடிவைச் சொன்னார்கள். நிக்காஹ் நடக்கும். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் பொறுப்பை நளீம் தன் தம்பிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அவர் போனில் முகம் காட்டக் கூடாது, மாப்பிள்ளையின் தாய் அதைத் தாங்கமாட்டார். மாப்பிள்ளை இந்தப் புது வீட்டில் வந்து இருக்கமாட்டார். பெண் அட்டாளைச்சேனைக்கு வரவேண்டும்.

அந்தக் கரையில் பெண் வீட்டை விட்டுப் போவது என்றால் என்ன என்பது எனக்கு முழுதாகத் தெரியாது. திரைக்குப் பின்னால் பரீதா பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் கொஞ்சம் தெரிந்தது. அதற்குள் மகளே பேசிவிட்டாள்.

"எனக்கு அந்த வீடு வேணாம் உம்மா. நான் போறன்."

அவ்வளவுதான். பிறகு சாப்பாடு. ஒரு பெரிய தட்டில் சோறு குவித்து, சுற்றிலும் கோழியும் கத்தரிக்காயும் வைத்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது அங்கே விருந்து. சஹன் என்கிறார்கள். எனக்குத் தனித் தட்டு வைத்திருப்பார்கள் என்று ஒதுங்கி நின்றேன். போடியார் இடம் விட்டு, "இரிங்க தம்பி" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். கோழியின் நல்ல துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். எங்கள் ஊரில் பல வீடுகளில் எனக்குத் தெரிந்தவர்களே இன்னும் ஒரே பந்தியில் உட்காரமாட்டார்கள். நன்றாகத்தான் சாப்பிட்டேன். ஒரு மனிதரை அவர் மகள் கல்யாணத்திலிருந்து எடுத்துவிட்டு, அவர் வீட்டுச் சோற்றை ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அவர்கள் போனபிறகு ஸஹ்லா வந்தாள். பரீதா மெஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அந்தப் படம் எப்பிடி வெளிய வந்த எண்டு தெரியுமா?" என்று கேட்டாள். "நான்தான் முதல்ல கண்ட. வாப்பாட கொம்பனிப் பேரப் போட்டுத் தேடினன். வாப்பா அனுப்புற படமெல்லாம் தூரத்தில நிண்டு எடுக்கிற, முகம் விளங்காது. இதில முகம் நல்லாத் தெரிஞ்சுது. போன்ல வெச்சிரிந்தன். கூடப் படிக்கிற புள்ளைக்குக் காட்டினன், இதுதான் எங்கிட வாப்பா எண்டு. அவ அனுப்பிட்டா."

பரீதா தலையைத் தூக்கவில்லை. அவருக்கு ஏற்கெனவே தெரியும்போல.

"இப்ப அழிச்சிட்டன். உங்கிட்ட வேற படம் இரிக்கா? கிளாஸ் இல்லாம?"

போனை எடுத்துத் தேடினேன். நளீம் பீப்பாய்க்குப் பக்கத்தில். நளீம் தொட்டிக்கு மேலே. நளீம் பழக் கூடையோடு, முகம் தொப்பி நிழலில். நளீமின் கை, ஒரு குலைக்குக் கீழே, பழத்தின் அளவு தெரிவதற்காக. மொட்டு, பூ, பிஞ்சு, பழம் என்று ஷார்டனேவுக்கு மட்டும் நூற்றுக்கணக்கில் எடுத்து வைத்திருந்தேன். அவள் என் தோளுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். "பரவால்ல மாமா" என்றாள்.

அஸ்கர் என்னைக் கல்முனையில் விடுவதற்கு மோட்டார் சைக்கிளோடு திரும்பி வந்தான். பாதி வழியில் பஞ்சர். கடை கிடைக்கும்வரை இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு நடந்தோம். கச்சான் காற்று முகத்தில் மண்ணை அடித்தது.

"நான் அந்தப் பேரை முதலே தேடிப் பாத்தன் சேர்," என்றான். "ஷார்டனே. எல்லாம் வாசிச்சன். எனக்கு அதில பிரச்சின இல்ல. உம்மாட மனசுதான்."

"அப்போ அங்க ஏன் தம்பி வாயைத் திறக்கல?"

"மாமாக்கு முன்னால எப்பிடிக் கதைக்கிற சேர்?"

நல்ல பையன். ஸஹ்லாவை நன்றாக வைத்துக்கொள்வான். பஞ்சர் கடையில் இரண்டு பேரும் பால் சேர்க்காத பிளேன்ரீ குடித்தோம். கோப்பையின் அடியில் பாதி சீனி.

நான்காம் நாள் பஸ் ஒழுங்காக ஓடியது. ஒழுங்காக ஓடிய பஸ்ஸைப் பற்றி எழுத ஒன்றும் இருப்பதில்லை.

ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிய அன்று நளீம் கொடி வரிசையில் கவாத்து செய்துகொண்டிருந்தார். ஒன்றையும் விடாமல் சொன்னேன். பேனாவை எடுத்ததையும் சொன்னேன். கத்தரிக்கோலை நிறுத்தாமல் கேட்டார். வீட்டைப் பற்றிச் சொன்னபோது மட்டும் ஒரு கொடியைத் தவறான இடத்தில் வெட்டிவிட்டு, விழுந்த துண்டை எடுத்துப் பார்த்தார்.

"பரீதா சொன்னது சரி," என்றார். "வினாகிரி எண்டு சொல்லியிரிந்தா லேசா முடிஞ்சிரிக்கும். ஆனா சரி இல்ல."

பிறகு, "குழாயில தண்ணி வருதா?" என்று கேட்டார்.

"வருது" என்றேன்.

தம்பிக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதை எழுதி அனுப்பினார். நிக்காஹ் ஆகஸ்ட் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "வீட்டில இரிந்து என்ன செய்யிற?" என்று வேலைக்கு வந்தார். மத்தியானம் போனை என்னிடம் கொடுத்து வண்டியில் வைக்கச் சொன்னார். அங்கே நிக்காஹ் நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்த பொழுதில் கையைக் கழுவிக்கொண்டு, இரண்டு வரிசைக்கு நடுவே சாக்கை விரித்துத் தொழுதார். எழுந்து சாக்கை உதறி மடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வெட்டத் தொடங்கினார்.

மூன்று மணிக்கு முதலாளி வந்தார். நல்ல மனிதர். யாரோ அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். கையில் ஒரு பாட்டில், கழுத்தில் வெள்ளை ரிப்பன். எங்கள் தோட்டத்திலேயே விலை கூடிய ஷார்டனே. "உன் மகளுக்காக" என்று ஆங்கிலத்தில் சொல்லி நளீமின் தோளைத் தட்டினார். நான் குறுக்கே போவதற்குள் நளீம் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நன்றி சொன்னார். சிரித்தார். முதலாளி போகும்வரை அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

பிறகு என்னிடம் நீட்டினார்.

"திங்கக்கிழமை எப்பிடி இரிந்த எண்டு கேப்பாரு அண்ணன். நீங்க குடிச்சிட்டு எனக்குச் சொல்லித் தாங்க."

சனிக்கிழமை திறந்து குடித்தேன். திங்கட்கிழமை காலை, வேலை தொடங்குமுன் சொல்லிக் கொடுத்தேன். முதலில் எலுமிச்சை, அப்புறம் வெண்ணெய், கடைசியில் கொஞ்சம் வறுத்த முந்திரி. அவர் மனப்பாடம் ஆகும்வரை இரண்டு தரம் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.